லீவுக்கு வந்தவர்

கிண்ணியாவில் வெளிநாட்டில் உழைக்கிற ஒருவர் லீவில் வரப்போகிறார் என்றால் அந்த வீட்டைத் தெருவில் நின்றே கண்டுபிடித்துவிடலாம். ஜன்னலுக்குப் புதுத் திரை வந்திருக்கும். முற்றத்துக் கோழிகள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு போகும். பிள்ளைகள் திடீரென்று ஒழுங்காக ஓதப் போவார்கள். குசினியில் நெய் மணம் காலை, பகல் பாராமல் கிளம்பும். இதெல்லாம் ஒரு மாதம், மிஞ்சினால் ஒன்றரை மாதம். பிறகு வாசலுக்கு வேன் வரும், எல்லோரும் அழுவார்கள், வேன் போகும். அடுத்த நாள் அதே வீட்டில் சோறும் மீன் ஆணமும்தான்.

லீவுக்காரரைக் கவனிப்பதில் றஹ்மாவை அடிக்க அந்தத் தெருவில் ஆள் இல்லை. கணவர் முனீபுக்கென்றே அலுமாரியில் பொன் விளிம்பு போட்ட கோப்பை ஒன்று வைத்திருந்தாள். அவர் இல்லாத காலத்தில் அதை யாரும் தொட முடியாது. அவர் வந்து இறங்கிய நாளிலிருந்து நெய்ச்சோறு, பொரித்த இறைச்சி, வட்டிலப்பம் என்று மாறி மாறி வரும். இன்னொரு சட்டமும் அவளிடம் இருந்தது. லீவில் வந்த மனிசனிடம் கெட்ட செய்தி சொல்லக் கூடாது. ஆட்டுக்கொட்டில் இடிந்தது, தம்பியோடு காணிச் சண்டை வந்தது, அவளுக்கே கர்ப்பப்பை எடுத்தது, எதுவும் லீவு மாதத்தில் வாய்க்கு வராது. அவரும் லேசுப்பட்டவர் அல்ல. கட்டாரில் ஒரு தொழிலாளர் முகாமின் சமையற்காரர் அவர், ஊர்ப் பேச்சில் கோக்கி. வெக்கை தாங்காமல் அடுப்படியில் மயங்கி விழுந்த கதையை அவர் ஒரு நாளும் வீட்டில் வாய் திறந்து சொன்னதில்லை. இப்படி இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் நல்லதை மட்டுமே காட்டி முப்பது வருடத்தை ஓட்டிவிட்டார்கள். அந்த முப்பது வருடத்தில் ஒரு சண்டை கிடையாது. ஊர் அதைப் பெருமையாகப் பேசியது.

அறுபது வயது ஆனதும் கம்பனி விசாவைப் புதுப்பிக்கவில்லை. ஒரு சூட்கேசும் இரண்டு பெட்டியுமாக முனீப் வந்து இறங்கினார். "இனிப் போறல்ல புள்ள" என்றார். றஹ்மாவுக்குச் சந்தோசத்தில் கை கால் ஓடவில்லை. ஓடியிருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பாள். நேரே குசினிக்குப் போய் நெய்ச்சோற்றுக்கு அரிசி கழுவினாள்.

அதுதான் பிழை. அந்தப் பிழை ஒன்றரை வருடமாக அடுப்பில் ஏறி ஏறி இறங்கியது.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு. முனீப் கட்டாரில் கிடந்து கட்டிய மேல்மாடி வீடு மகள் அப்ராவின் கலியாணத்தோடு அவள் பெயருக்குப் போய்விட்டது. தாயும் தகப்பனும் பின்வளவில் இரண்டு அறையும் குசினியும் கொண்ட சின்ன வீட்டுக்கு மாறினார்கள். அதில் யாருக்கும் மனக்குறை இல்லை. மருமகன் நஸ்ரி தங்கமான பிள்ளை. மாமாவைக் கண்டால் கதிரையை விட்டு எழும்பி நிற்பான். மாமா போகும் வரை உட்கார மாட்டான். ஒரு வீட்டில் ஓர் ஆள் நடமாடும்போதெல்லாம் இன்னோர் ஆள் எழும்பி நின்றால் அந்த மனிசன் எத்தனை தரம்தான் நடமாடுவார்? முனீப் மெல்ல மெல்ல நடமாட்டத்தையே குறைத்துக்கொண்டார். சின்ன வீட்டு விறாந்தையில் ஒரு பிளாஸ்டிக் கதிரை, அதில் அவர்.

அவர் சும்மா இருந்துவிட்டார் என்று சொல்ல முடியாது. வந்த புதிதில் ஒரு நாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு மீன் வாங்கப் புறப்பட்டார். சந்திக்குப் போவதற்குள் நஸ்ரி மோட்டார் சைக்கிளில் பறந்து வந்து பையை வாங்கிக்கொண்டான்.

"நான் இரிக்கக்குள்ள நீங்க சந்தைக்குப் போனா சனம் என்னயத்தான் மாமா கதைக்கும்" என்றான். அவன் சொன்னதிலும் பிழையில்லை. சனம் கதைக்கத்தான் செய்யும்.

இன்னொரு நாள் குசினி வாசலில் வந்து நின்றார்.

"இண்டைக்கு நான் சமைக்கிறனே புள்ள."

றஹ்மா சிரித்தாள். அவர் பகிடிக்குச் சொல்லவில்லை என்று முகத்தைப் பார்த்ததும் விளங்கியது. உடனே முழங்கையில் பிடித்து மெதுவாக வெளியே கொண்டுவந்து விட்டாள்.

"எத்தின வருசம் ஆக்கிப் போட்ட கை. இனியாவது ஓய்வெடுக்கட்டும். நீங்க போய் இரிங்க அப்ராட வாப்பா."

அன்பினால்தான் சொன்னாள். ஆனால் உண்மையைச் சொல்வதென்றால் அன்பு மட்டும் அல்ல. அந்தக் குசினியில் உப்புப் போத்தல் எங்கே இருக்க வேண்டும் என்பது முதல் எந்தக் கிழமை யார் வீட்டுக்குப் பலகாரம் போக வேண்டும் என்பது வரை அவள் வைத்ததுதான் சட்டம். முப்பது வருடம் ஆண்ட ராச்சியத்தில் பாதியை யார் இலேசில் கொடுப்பார்கள்? விருந்தாளி என்றால் சுகம். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார், மிச்சத்தைத் தலையிட்டுக் கேட்க மாட்டார். முனீப் எதையும் தொடாமலே குழாயில் கை கழுவிக்கொண்டு கதிரைக்குத் திரும்பிப் போனார்.

அவருக்கு இருந்த ஒரே வேலை போன்தான். முகாமில் ஒரே அறையில் ஒரே மின்விசிறிக்குக் கீழே படுத்தவர்கள் இப்போது அவரவர் நாட்டில் அவரவர் விதமாக வயதாகிக்கொண்டிருந்தார்கள். நேபாளத்துத் தாப்பா மலையில் ஆடு மேய்க்கிறான். மூச்சு வாங்க வாங்க ஏறிக்கொண்டே குரல் செய்தி அனுப்புவான். இடையில் ஆடு கத்துவது கேட்கும், தாப்பா அதை ஏசுவதும் கேட்கும். மலப்புறத்து ஹம்ஸா பெரிய வீடு கட்டியவர். அவருடைய மலையாளம் றஹ்மாவுக்கும் பாதி விளங்கும். மருமக்கள் தன்னைப் படி இறங்கவே விடுவதில்லை, ராசாவைப் போல் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிச் சிரிப்பார். அவர் சொல்வதைக் கேட்டு றஹ்மாவும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தலையாட்டியிருக்கிறாள்.

ஒரு நாள் முனீப் போனைக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஹம்ஸா மவுத்தாம்."

"இன்னாலில்லாஹ். என்ன வருத்தம்?"

"வருத்தமொண்டும் சொல்லல்ல. கதிரையில இரிந்தபடியே போயிட்டாராம்."

றஹ்மாவுக்கு மனம் துண்டு துண்டாகப் போயிற்று. மனிசன் கவலையாக இருக்கிறாரே என்று அன்று பகல் அவருடைய பீங்கானில் இறைச்சி இரண்டு துண்டு கூட வைத்தாள். அவர் மறுக்காமல் தின்றார். வைத்ததைத் தின்பதுதானே மரியாதை.

அந்த நாட்களில்தான் அவர் வீட்டுக்குள்ளும் மேஸ் போடத் தொடங்கினார். வெள்ளை மேஸ், கணுக்கால் வரை இழுத்துவிட்ட காலுறை. குளிர்ந்த தரையில் கால் வைத்தால் விறைக்கிறது என்றார். ஏசியில் இருந்த உடம்பு, அங்கத்தைய பழக்கம் என்று றஹ்மா விட்டுவிட்டாள். கழுவத் தாருங்கள் என்று கேட்டபோது தானே கழுவிக்கொள்கிறேன் என்றார். அதையும் நல்ல குணத்தில்தான் சேர்த்துக்கொண்டாள்.

ஒரு பின்நேரம் கிணற்றடிக்குப் பின்னால் உடுப்புக் காயப்போடப் போனவள், வேலியின் உட்பக்கத்தில் ஒளித்தாற்போல் தொங்கிய மேஸ் ஒன்றைக் கண்டாள். விரல் பக்கம் மஞ்சளும் கறுப்புமாகக் கறை. கையில் எடுத்ததும் மணம் முகத்தில் அடித்தது. ஈரக் கையோடு விறாந்தைக்கு ஓடினாள். அவருடைய காலடியில் குந்தி, அவர் "விடு புள்ள, விடு" என்று இழுக்க இழுக்கக் கேளாமல் காலில் இருந்ததைக் கழற்றினாள்.

சின்ன விரலும் அதற்கு அடுத்ததும் கறுத்துப் போயிருந்தன.

"எத்தின நாளா? ஏன் சொல்லல்ல? வாய் இல்லயா உங்களுக்கு?"

முனீப் காலைக் கதிரைக்குக் கீழே இழுத்துக்கொண்டார். களவு செய்து பிடிபட்டவர் போல் முகம் சிறுத்துவிட்டது.

"சொன்னா எல்லாரும் பதறுவீங்க. நல்ல நாளையில எதுக்கு அந்தக் கதை?"

நல்ல நாள். அவள் போட்ட சட்டம்தான். அதை அவர் அவளை விட நன்றாகக் கடைப்பிடித்திருந்தார்.

நஸ்ரி வேன் பிடித்துக்கொண்டு வந்தான். பாலத்தைத் தாண்டும்போது முனீப் ஜன்னல் பக்கம் திரும்பி, குடாவில் நங்கூரம் போட்டு நின்ற கப்பலையே பார்த்துக்கொண்டு வந்தார். றஹ்மா ஸலவாத்து ஓதியபடியே அவருடைய காலை மடியில் வைத்துப் பிடித்திருந்தாள்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் அனுமதித் துண்டு எழுதிய தாதியின் சட்டையில் லக்சனா என்று பெயர் குத்தியிருந்தது. முகம் களைத்திருந்தாலும் குரலில் அவசரம் இல்லை. சீனி வருத்தம் எவ்வளவு காலம், பிரஷர் இருக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தவள் தலை நிமிராமல் அடுத்ததைக் கேட்டாள்.

"ஐயா என்ன வேலை செய்யிறவர்?"

"அவரு லீவுல வந்திரிக்காரு மிஸ்" என்றாள் றஹ்மா.

யோசித்துச் சொன்னதல்ல. முப்பது வருடம் கடைக்காரருக்கும் அயலவருக்கும் பள்ளிக்கூடத்து ஆசிரியருக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், தானாகச் சொன்னது.

"எங்கயிருந்து?"

"கட்டார்ல இரிந்து."

"எப்ப வந்தவர்?"

"நோன்புக்கு முதல். இந்த நோன்பில்ல. அதுக்கு முந்தின..."

தாதி இப்போது நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப எப்ப அம்மா திரும்பிப் போறார்?"

றஹ்மா முனீபைத் திரும்பிப் பார்த்தாள். சக்கரக் கதிரையில் இருந்த முனீப்தான் பதில் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"அவ சொல்றது சரி மிஸ். லீவு எண்டே எழுதுங்க."

விரல் இரண்டையும் எடுத்தார்கள். வெட்டிய பிறகு காயம் ஆற நாளெடுத்தது. றஹ்மா வார்ட்டில் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கிடந்தாள். கட்டு மாற்ற வந்த ஒரு நாள் லக்சனா, வீட்டில் என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள். றஹ்மா சொல்லத் தொடங்கினாள். சொல்லச் சொல்லத் தன் காதிலேயே அது கலியாண வீட்டுச் சாப்பாடாக விழுந்தது.

"ஒவ்வொரு நாளுமா?"

"ஓம்."

"நடக்கிறவரா? வீட்டு வேலை ஏதும்?"

"நாங்க ஒண்டுக்கும் விடுறல்ல மிஸ். ராசா மாதிரி வச்சிரிக்கம்."

அந்தக் கடைசி வார்த்தை யாருடையது என்று அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

லக்சனா குரலைத் தாழ்த்தினாள். "அம்மா, குறை நினைக்காதேங்கோ. சீனி இறங்காட்டி அடுத்தது பாதம். அதுக்குப் பிறகு கால். குளிசை நாங்கள் தருவம். ஆனா ஆளுக்கு எழும்பி நடக்க மனம் வரவேணும். அதை நாங்கள் தர ஏலாது. அவர் இஞ்ச கட்டிலில கிடக்கிற மாதிரியே வீட்டிலயும் இருந்தவர் எண்டால், திரும்பவும் இஞ்சதான் வருவார்."

றஹ்மா வெளி விறாந்தைக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். போகிறவர் வருகிறவர் பார்க்கிறார்களே என்ற வெட்கம்கூட வரவில்லை. அவர் தூரத்தில் இருந்தபோது, தலைவலி என்று போனில் சொன்னாலே பதறியிருக்கிறாள். பக்கத்தில் வந்த பிறகு, காலில் விரல் அழுகும் வரைக்கும் தெரியாமல் இருந்திருக்கிறாள். அவரைத் தன் கையாலேயே விருந்து வைத்து விருந்து வைத்துக் கொல்லப் பார்த்தேனே என்று நெஞ்சு குமுறியது. ஹம்ஸாவின் வீட்டிலும் கெட்டவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். எல்லோரும் அன்பாகத்தான் படி இறங்கவிடாமல் வைத்திருந்திருப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி விடுவித்து வீட்டுக்கு வந்த அன்று அவள் முதலில் செய்தது அவருடைய சூட்கேசைத் திறந்ததுதான். கட்டிலுக்குக் கீழே இருந்த அதிலிருந்துதான் அவர் இன்னும் ஒவ்வொரு நாளும் சாரன் எடுத்து உடுத்துக்கொண்டிருந்தார். அலுமாரி நிறைய அவளுடைய சேலைகள். அதில் ஒரு தட்டை அவருக்கு விடவேண்டும் என்று இத்தனை காலமும் தோன்றவில்லை. அவரும் கேட்கவில்லை. விருந்தாளி அலுமாரியில் இடம் கேட்பானா? கலியாணச் சேலை முதற்கொண்டு எல்லாவற்றையும் நெருக்கி ஒதுக்கி நடுத்தட்டை வெறுமையாக்கினாள். சாரன்களையும் சேர்ட்டுகளையும் அடுக்கினாள். வெறும் சூட்கேசை நஸ்ரியிடம் கொடுத்து, யாராவது வெளிநாடு போகிற பொடியனுக்குக் கொடுத்துவிடச் சொன்னாள். முனீப் கட்டிலில் காலை நீட்டியபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பகலுக்குக் குரக்கன் பிட்டும், கீரையும், மீன் ஆணமும் வைத்தாள். சாப்பாட்டைப் பார்த்த அப்ராவுக்குக் கண் கலங்கியது.

"வாப்பா பாவம் உம்மா. இப்பதான் ஆஸ்பத்திரியால வந்திரிக்காரு. துண்டு இறைச்சியாவது வைங்களே."

"அவரு பாவமில்ல மகள். இந்த வீட்டு ஆள். நாம தின்றதத்தான் அவரும் தின்ற."

சொல்லிவிட்டாளே தவிர மனசு கேட்கவில்லை. அவர் பிட்டைப் பிசைந்து மெதுவாக வாயில் வைப்பதைப் பார்க்க முடியாமல், வேலை இருப்பதுபோல் குசினிக்குள் போய் நின்றுகொண்டாள்.

அடுத்த நாள் சுபஹுத் தொழுது முடித்ததும் வழக்கமாக அடுப்பைப் பற்றவைக்கிறவள், பாயை விரித்துத் திரும்பவும் படுத்துக்கொண்டாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கதிரையில் இருந்தபடி தொழுதுவிட்டு ஊன்றுகோலோடு வந்த முனீப் வாசலில் நின்றார்.

"சுகமில்லயா புள்ள?"

"சுகம்தான். எழும்ப அலுப்பா இரிக்கி. போய் டீயொண்டு ஊத்திக்கிட்டு வாங்க."

அவர் அப்படியே நின்றார். அவருக்குக் கேட்டது சரிதானா என்று சந்தேகமாக இருந்திருக்க வேண்டும். பிறகு ஊன்றுகோலின் ஓசை குசினிப் பக்கம் நகர்ந்தது. அதைக் கேட்டுக்கொண்டு அசையாமல் கிடப்பது றஹ்மாவுக்குப் பிள்ளை பெறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. கட்டுப் போட்ட கால். ஈரத் தரை. வழுக்கினால் என்ன ஆகும்? எழும்பு, எழும்பு என்று உடம்பு சொன்னது. தலையணையைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

குசினியில் ஒவ்வொரு டின்னாகத் திறந்து மூடும் சத்தம். முன்னூறு பேருக்கு ஆக்கிய மனிசர், தன் வீட்டுக் குசினியில் தேயிலை தேடிக்கொண்டிருந்தார்.

"தேயிலை எங்க புள்ள கிடக்கு?"

"தேடுங்க."

"தேடினதுதான். காணல்லயே."

"கண்ணத் திறந்து தேடுங்க."

பிறகு தண்ணீர் கொதிக்கும் ஓசை கேட்டது. தேயிலை கிடைத்துவிட்டது போலும். கோப்பைத் தட்டில் கை படுகிற சத்தம், ஒன்றோடொன்று முட்டுகிற சத்தம். அதன் பிறகு ஏதோ தரையில் விழுந்து தூள் தூளாகச் சிதறியது.

அந்த ஓசையை வைத்தே என்ன உடைந்தது என்று றஹ்மாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் அவசரத்தில் அலுமாரிக்குள் வைக்காமல் விட்ட பொன் விளிம்புக் கோப்பை. லீவு நாளாக இருந்திருந்தால் இதற்குள் ஓடிப்போயிருப்பாள். காரியமில்லை, காரியமில்லை என்று சிரித்துக்கொண்டே அவரைக் கதிரையில் இருத்தித் தானே கூட்டி அள்ளியிருப்பாள். அவர் அங்கே நின்று, அவள் அப்படி வருவாள் என்றுதான் காத்துக்கொண்டிருந்தார். அது அவளுக்குத் தெரிந்தது. தரையெல்லாம் பீங்கான் துண்டு, அவருடைய கால் அதற்கு நடுவில்.

றஹ்மா பாயில் எழுந்து உட்கார்ந்தாள். தன் வாழ்க்கையில் கணவரை நோக்கி ஒரு நாளும் எழுப்பாத குரலை எழுப்பினாள்.

"கண்ண எங்க வச்சிக்கிட்டு வேலை செய்யிறீங்க? அலுமாரியில வச்சிப் பாதுகாத்த கோப்பை! ஒரு டீ ஊத்தத் தெரியா, நீங்களும் ஒரு கோக்கியா?"

முன் வீட்டில் ஜன்னல் ஒன்று திறந்தது. அப்ராதான். சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்.

குசினியில் இன்னும் சத்தம் இல்லை. அந்த அமைதி நீள நீள றஹ்மாவுக்குப் பயம் பிடித்தது. பிழை செய்துவிட்டேனோ, மனிசன் உடைந்துபோய் நிற்கிறாரோ என்று தோன்றியது. எழும்பப் போனாள்.

அப்போது மூலையில் இருந்த தும்புத்தடி எடுபடும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து அவருடைய குரல். போனில் நல்லதை மட்டும் சொன்ன குரல் அல்ல, விறாந்தையில் மெலிந்து மெலிந்து போன குரலும் அல்ல. முகாமில் எடுபிடிகளை அதட்டிய குரல் இதுவாகத்தான் இருக்க வேண்டும். அவள் அதை இப்போதுதான் முதன்முதலாகக் கேட்டாள்.

"கத்தாத புள்ள! குசினியா இது? ஒரு சாமான் வைக்க வேண்டிய இடத்தில இல்ல. தேயிலையக் கொண்டுபோய் அரிசி டின்னுக்குப் பின்னால வச்சிரிக்கா. முதல்ல இந்தத் தட்டையெல்லாம் நான் மாத்தப் போறன்."

"மாத்துவீங்க, மாத்துவீங்க! அதுக்கு முதல் செருப்பப் போட்டிங்களா? கால்ல குத்தினா நான் திரும்ப ஆஸ்பத்திரிக்கு வரமாட்டன், சொல்லிட்டன்!"

"போட்டிரிக்கன், போட்டிரிக்கன்" என்று எரிச்சலோடு பதில் வந்தது. கூட்டுகிற சத்தமும் வந்தது.

றஹ்மா சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டாள். கண்ணீர் அடக்க அடக்க வந்தது. அவர் உள்ளே எதையோ நகர்த்தினார், எதையோ முணுமுணுத்தார், உப்புப் போத்தலை வேறு எங்கேயோ வைத்தார். அவள் எழும்பிப் போகவில்லை. டீ வரும் வரை அப்படியே இருந்தாள்.